கரி படியாத தோட்டா

மிலோ அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் காபிக் குடுவைக்கும் கொலாச்சி இனிப்பு ரொட்டித் தட்டுக்கும் நடுவே வைத்தபோது, எலியட் கையில் காகிதத் தட்டுடன் யாரோ சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைப் பார்த்ததும் தலை நின்றுவிட்டது.

"கராஜ்ல இருந்துச்சு" என்றார் மிலோ. "அவ பிஸ்டல எடுக்கக் காலைல போனேன்ல, அப்ப பாத்தேன். தோட்டா பிரஸ்ஸுக்குப் பக்கத்துலயே. அவ கடைசியா நெரப்பின தோட்டா."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் காபியும் ஈரக் கம்பளிக் கோட்டுகளும் கலந்த வாசனை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. மிலோவின் மகள் ஜோலினை மண்ணில் இறக்கிவிட்டு வந்து இன்னும் காலணிச் சேறு காயவில்லை.

"பாதிதான் இருக்கு" என்றான் டாரல். சுடும் கிளப்பில் ஜோலினின் பழைய கூட்டாளி. பெரிய உடம்பு. கோட் பொத்தான் போடவில்லை, போட்டாலும் எட்டாது.

"போதும். அவளுக்காக ஆளுக்கு ஒண்ணு சுடுவோம். மொதல்ல நான், அவ பிஸ்டல்ல."

"மழை?"

"தூறல்தானே. அவ பனியிலயே சுட்டவ."

மிலோவின் தங்கை வெர்னா, எலியட்டின் தட்டில் கசகசா வைத்த கொலாச்சி ஒன்றைக் கேட்காமலே வைத்தாள். "சாப்பிடு. நேத்துலருந்து உன் வாயில எதுவும் போகல, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

எலியட் கடித்தான். மென்றான். பெட்டியையே பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். இவ்வளவு பேர் முன்னால் வேண்டாம், வண்டியில் சொல்லலாம் என்று அடுத்து நினைத்தான்.

அந்தப் பெட்டியிலிருந்து யாரும் சுடக்கூடாது. இந்தக் கூடத்தில் அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

*

ஜோலினை மணந்து இந்த ஊருக்கு வந்தபோது எலியட்டுக்குத் துப்பாக்கியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. மேல்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லித் தருபவன். கிளப்பில் அவனை பேண்டு மாஸ்டர் என்பார்கள். ஜோலின், வாத்தியாரே என்பாள். சனிக்கிழமைகளில் அவள் பிஸ்டல் போட்டிக்குப் போவாள். அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மாணவர்களின் இசைத் தாள்களைத் திருத்துவான்.

அவள் கடைத் தோட்டா வாங்கியதில்லை. சுட்ட தோட்டாக் கூடுகளைக் கழுவி, அடியில் பொறி கிளப்பும் புது ப்ரைமர் வைத்து, வெடிமருந்துத் தூள் போட்டு, குண்டைப் பொருத்தி, தானே நிரப்புவாள். தனக்கு, அப்பாவுக்கு, கிளப்பில் பாதிப் பேருக்கு. அவள் நிரப்பியது சுத்தமாக எரியும் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு. நாள் முழுக்கச் சுட்டுவிட்டு வெள்ளைத் துணியால் பிஸ்டலின் உள்ளே துடைத்துக் காட்டுவாள். லேசாகச் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

தூளைத் தேர்ந்தெடுப்பதில் அவளோடு யாரும் பேசி ஜெயிக்க முடியாது. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலுக்கு அழுக்குத் தூள் எமன் என்பாள். எரியாமல் மிஞ்சும் துகளும் கரியும் உள்ளே படியும். படியப் படிய நகரும் பாகம் மந்தமாகும். போட்டி நடுவில் ஒரு கூடு பாதி வெளியே வந்து மாட்டிக்கொள்ளும். அதனால் அவள் வாங்கியது வேகமாகவும் முழுசாகவும் எரிகிற ஒரு நுண்ணிய தூள். கொஞ்சம் போட்டால் போதும்.

அந்தக் கொஞ்சத்தில்தான் சிக்கல் இருந்தது. கூட்டின் அடியில் அது இருக்கும் இடமே தெரியாது. தவறிப்போய் இரண்டாம் முறை விழுந்தாலும் கூடு வழியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. பிஸ்டலே வெடித்து, சுடுபவரின் கையில்தான் தெரியவரும்.

அவளுடைய பிரஸ் பழையது. பிடியின் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். திருப்ப மறந்து மறுபடி இழுத்தால் அதே கூட்டில் மறுபடி தூள் விழும். மற்றவர்களுக்கு அது ஆபத்து. ஜோலினுக்கு அது ஒரு தாளம், அவள் மறந்ததே இல்லை. கீமோ தொடங்கும்வரை.

சிகிச்சையில் முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு நினைவு அங்கங்கே அறுந்தது. வசந்தத்தில் ஒரு நாள், எலியட் கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிடியை இழுத்தாள். ஏதோ யோசித்தாள். தட்டைத் திருப்பாமல் மறுபடி இழுத்தாள். குண்டை வைத்து மூடி, பெட்டியில் போட்டாள்.

"ஜோ, தூள மாத்திப் பாக்கலாமா?" என்றான் அன்று சாப்பாட்டின்போது. "டாரல் போடறானே, அந்தப் பொரி மாதிரித் தூள். அது கூட்டுல பாதிக்கு மேல நெறையுமாமே. ரெண்டு தடவ விழுந்தா வழிஞ்சு கண்ணுக்கே தெரிஞ்சிரும்."

"ரெண்டு தடவ எதுக்கு விழுது?"

"விழாது. சும்மா சொன்னேன்."

"அது அழுக்கு, வாத்தியாரே. நீ ட்ரம்பெட்ட கவுத்து எச்சில உதறுவியே, அந்த மாதிரி பிஸ்டல உதறிக்கிட்டே நிக்கணும். டாரல பாரு, சுட்டு முடிச்சா மூக்குத் துவாரத்துலகூட கரி." சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "அப்பாவோட பிஸ்டல் என் தோட்டாவத் தவிர எதையும் நம்பாது" என்றாள்.

அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான்.

வலி மாத்திரை போட்டால் பிற்பகலில் தூங்கிவிடுவாள். பள்ளியிலிருந்து வந்ததும் அவன் அன்றைய பெட்டியை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்குவான். தோட்டாவைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவைப் பொருத்தி ஓங்கித் தட்டினால் குண்டு கழன்றுவிடும். சத்தம் மேலே கேட்காமலிருக்க, மரக்கட்டையில் துண்டை மடித்துப் போட்டுத் தட்டினான். ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே தூளைத் தராசில் நிறுத்து, திரும்ப நிரப்பினான். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. சில இல்லை. அவள் விழிக்கும் முன் பெட்டி மேசைக்குப் போய்விடும்.

கிளப்பிலிருந்து போன் வரும். அவள் ஸ்பீக்கரில் போடுவாள். "என்னம்மா இது, பிஸ்டல் மூஞ்சி கழுவின மாதிரி இருக்கு" என்பான் டாரல். அவள் எலியட் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்பாள்.

"கேட்டேன்" என்பான்.

கோடை முழுக்க அப்படிப் போனது. செப்டம்பரில் ஒரு மாலை, பள்ளி பேண்டுப் போட்டி முடிந்து வந்தபோது, மேசையில் பாதி நிறைந்த பெட்டி இருந்தது. கால் வலித்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். மறுநாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கட்டிலை வரவேற்பறைக்கு மாற்றினார்கள். தலையணையைச் சரிசெய்யும்போது, இனி அந்தச் சுத்தியலைத் தொட வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. தோளில் இருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. அது இன்னதென்று புரிந்ததும் குனிந்து போர்வையை மடிக்கத் தொடங்கினான். அது ஏற்கனவே மடித்துத்தான் இருந்தது.

செவ்வாய் காலை அவள் இறந்தபோது அவன் சமையலறையில் ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்தான். யாருக்கென்று தெரியவில்லை, அவள் சாப்பிட்டு நாளாகியிருந்தது. நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அவன் அடுப்பை அணைத்தான். பெட்டியின் நினைவு அன்றும் வரவில்லை, இன்று காலையும் வரவில்லை.

*

மிலோவின் பிக்கப்பில் பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது. அறுவடை முடிந்த சோள வயல்கள் இருபுறமும். துடைப்பான் கண்ணாடியில் கீச்சிட்டது.

"மிலோ" என்றான் எலியட்.

"ம்."

"இல்ல. ஒண்ணுமில்ல."

மிலோ துடைப்பானின் வேகத்தைக் குறைத்தார். தானியக் கிடங்கு தாண்டியதும், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "டாக்டர் அந்த விரல் விஷயத்தச் சொன்னப்ப நான் பயந்துட்டேன். இவ இனிமே நெரப்பக் கூடாதுன்னு நானே சொல்லலாம்னு வந்தேன். மே மாசம். நீ ஸ்கூல்ல இருந்த."

"எனக்குத் தெரியாது."

"சொல்லல. கராஜ்ல நின்னுக்கிட்டு, என்னப்பா வேணும்ங்கறா. மூஞ்சிய பாத்ததும் வாய் வரல. ஒரு பெட்டி குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். பயந்துக்கிட்டேதான் சுட்டேன், பக்கத்துல யாரும் இல்லாம. ஒவ்வொண்ணும் அச்சுல வாத்த மாதிரி." கியரை மாற்றினார். "எனக்கே வெக்கமாப் போச்சு. எம் பொண்ண நான் நம்பல பாரு."

எலியட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த மே மாதப் பெட்டி அவனுக்கு நினைவிருந்தது. துண்டைக் காணாமல், தன் பழைய ஸ்வெட்டரை மடித்துப் போட்டுத் தட்டிய பெட்டி.

"ஏதோ சொல்ல வந்தியே."

"மறந்துட்டேன்."

*

கிளப் சுடும் ரேஞ்ச் என்பது பழைய சரளைக் குழி. மூன்று பக்கமும் மண்மேடு, ஒரு தகரக் கூரை, கூரைக்கடியில் நீண்ட மேசை. கறுப்புக் கோட்டுகளில் வந்தவர்கள் அங்கே பொருந்தாமல் நின்றார்கள். யாரோ காது மூடிகளை எடுத்து நீட்டினார்கள். வெர்னா காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தாள்.

மிலோ ஜோலினின் பிஸ்டலை எடுத்தார். பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேகசினில் அழுத்தினார். மற்றவர்கள் அவர் பின்னால் வரிசையாக வந்தார்கள்.

"ஏதாவது சொல்லணுமா, மிலோ?" என்று கேட்டான் டாரல்.

"என்ன சொல்றது. அவ கையால செஞ்சது. அது போதும்."

மேகசின் உள்ளே போனது. மிலோ மேல்பாகத்தை இழுத்து விட்டார். எலியட் அந்த ஒலியை நூறு சனிக்கிழமைகளில் கேட்டிருக்கிறான். அந்தத் தோட்டா சரியானதாகவும் இருக்கலாம். பெரும்பாலானவை சரியாகத்தான் இருந்தன. வாயை மூடிக்கொண்டு நின்றால் ஆறேழு வெடி வெடித்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். மிலோ பிஸ்டலை உயர்த்தினார். அவருடைய இடது கை வலது கையைச் சுற்றிக் கவிந்தது. கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நிறுத்துங்க" என்றான் எலியட்.

ரேஞ்சில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். சொன்னால் துப்பாக்கியைத் தாழ்த்தியே ஆக வேண்டும், காரணம் அப்புறம்தான். மிலோ தாழ்த்தினார். காது மூடியைக் கழற்றித் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

"அதச் சுடாதீங்க."

"ஏன்?"

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். அவளுக்கு முடியாமல் போய்விட்டது, வசந்தத்திலிருந்தே. இவ்வளவு பேர், கறுப்புக் கோட்டில், அவளைப் புதைத்த சேறு காலில்.

"அது அவ நெரப்பினது இல்ல" என்றான். "நான்."

தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது.

"நீயா?" என்றான் டாரல்.

"அவ படுத்துட்டா. சும்மா பிரஸ்ல உக்காந்து பாத்தேன். தட்ட சரியா திருப்பினேனா இல்லையான்னு எனக்கே தெரியல. ரெண்டு தடவ விழுந்திருக்கலாம்."

"விழுந்திருக்கலாம்" என்று டாரல் திருப்பிச் சொன்னான். "சாகக் கெடக்கறவளோட பிரஸ்ல போய் வெளயாடியிருக்க. செஞ்சத அங்கயே வச்சுட்டும் வந்திருக்க. அவர் கை போயிருக்கும்யா. அந்த ட்ரம்பெட்டோட நிக்க வேண்டியதுதானே?"

"விடு, டாரல்" என்றார் யாரோ பின்னாலிருந்து.

"என்ன விடு. கோயில்லயே பெட்டிய வச்சாரு. பாத்துக்கிட்டே கொலாச்சி தின்னான்."

எலியட்டின் காது மடல்கள் சுட்டன. டாரல் சொன்னதில் கடைசிப் பகுதி உண்மை.

மிலோ மேகசினை உருவினார். உள்ளே ஏறியிருந்த தோட்டாவை வெளியே தள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மேசைக்கு வந்து பெட்டியைத் திறந்தார். திறந்த பெட்டியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலியட்டும் அப்போதுதான் பார்த்தான். தோட்டாக்கள் வலது மூலையிலிருந்து தொடங்கி அடுக்கப்பட்டிருந்தன, இடதுபக்கம் காலி. ஜோலின் இடதுகைக்காரி. முட்டைத் தட்டைக்கூட வலது மூலையிலிருந்துதான் அடுக்குவாள். மிலோ அவளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர், அடுக்கியது யார் கை என்று அவருக்குத் தெரியும்.

மிலோ தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். கோபமில்லை. எலியட் குனிந்துகொண்டான்.

"கோடைல வந்தது?" என்று மிலோ கேட்டார், குரலைத் தாழ்த்தி. "நான் சுட்டது எல்லாம்?"

"அதெல்லாம் அவதான்."

"அவதான்."

"ஆமா."

மிலோ தோட்டாவை அதன் குழியில் வைத்து மூடியை அழுத்தினார். "டாரல், அவ குடுத்தது உங்கிட்ட மிச்சம் இருக்கா?"

"ஜூலைல குடுத்தது ஒரு பெட்டி இருக்கு. சுட மனசு வரல, வச்சிருந்தேன்."

"கொண்டா."

டாரல் வண்டிக்குப் போய் எடுத்துவந்தான். எலியட்டைத் தாண்டும்போது தோள் இடிக்காமல் சுற்றிப் போனான். அது இடித்ததைவிட மோசமாக இருந்தது.

மிலோ முதலில் சுட்டார். பிறகு ஒவ்வொருவராக. மண்மேட்டில் ஈரமண் சிதறியது. பிஸ்டல் கைமாறிக் கைமாறிப் போனது, ஒரு தடவைகூட மாட்டவில்லை. தகரக் கூரைக்கடியில் புகை நிற்கவே இல்லை.

"பாத்தீங்களா" என்றான் டாரல், சுட்டு முடித்துவிட்டு. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். "உடம்பு அந்த நெலமையில இருந்தப்பக்கூட. யாருக்கு வரும் இந்தக் கை."

எலியட் கூரைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். யாரும் அவன் கையில் பிஸ்டலைத் தரவில்லை. தந்தாலும் வாங்கியிருக்க மாட்டான். ஜூலைப் பெட்டி. அந்த வாரம் வெயில் தாங்க முடியாமல் அடித்தளத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிரப்பியிருந்தான். புருவத்திலிருந்து வியர்வை தராசில் விழுந்து, துடைத்து, திரும்பவும் நிறுத்தான். அவர்கள் அவளைப் புகழப் புகழ அவன் கோட்டுக்குள் சிறுத்துக்கொண்டே போனான். அவளிடமிருந்து எதையோ எடுத்து, அதையே திருப்பி அவளுக்குப் போர்த்துவதுபோல் இருந்தது. இது உதவியா திருட்டா என்று கேட்க ஆளில்லை.

சுட்ட கூடுகள் சரளையில் கிடந்தன. குனிந்து பொறுக்கியவர்கள் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கிளப்பில் வழக்கம் அதுதான், சுட்ட கூடு, தோட்டாவை நிரப்பினவருக்குத்தான் திரும்பப் போகும்.

"இனி யார்கிட்ட குடுக்கறது?" என்றான் டாரல்.

"இப்படிக் குடு" என்று மிலோ தொப்பியைக் கழற்றி நீட்டினார். ஒவ்வொருவரும் அதில் போட்டார்கள். தூறல் அவருடைய வழுக்கையில் விழுந்தது.

*

வண்டியில் ஏறியதும் மிலோ உடனே கிளப்பவில்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போகட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. வெர்னா போகும்போது கையசைத்தாள். மிலோ அசைத்தார்.

"அந்தப் பெட்டி" என்றான் எலியட். "அதப் பிரிச்சுக் கொட்டிடணும். நான் பிரிச்சிடறேன். எனக்குத் தெரியும்."

"தெரியும்னு தெரியுது."

எலியட் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினான்.

மிலோ சிவப்புப் பெட்டியை எடுத்துத் தன் கோட்டின் உள்பைக்குள் தள்ளப் பார்த்தார். அது நுழையவில்லை. கோட்டைத் திறந்து, அக்குளில் இடுக்கி, மேலே பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். சுட மாட்டேன்."

பிறகு தொப்பியை எடுத்தார். எலியட்டைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, அதை அவன் மடிமேல் கவிழ்த்தார். பித்தளைக் கூடுகள் கறுப்புக் கால்சட்டையில் உருண்டன. ஒன்று இருக்கைக்கு அடியில் விழப் பார்த்தது. எலியட் முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்தான்.

"கழுவி வை" என்றார் மிலோ.

"மிலோ, நான்..."

"நல்ல வெந்நீர்ல கழுவு."

அவர் ஈரத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். எலியட் இரண்டு கைகளையும் மடியில் குவித்து வைத்துக்கொண்டான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழியை விட்டு ஏறும் பாதை முழுக்கப் பள்ளமும் மேடும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கூடுகள் கைக்குள் உரசிக்கொண்டன. மிலோ கியரைக் குறைத்தார். கடைசியாகக் கிளம்பிப் பின்னால் வந்த யாரோ ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி, நடக்கும் வேகத்தில் ஓட்டினார்.